பேய்க்கும் சாட்சி வேண்டும்

துப்பறியும் நாவல் ஒன்றைக் கோபத்தோடு மூடி வைப்பவருக்கு என்ன ஆகியிருக்கும்? கொலைகாரன் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாமல் போனதில் யாரும் கோபப்படுவதில்லை. அந்தத் தோல்விக்காகத்தான் இந்த வகைக் கதைகளைத் தேடிப் போகிறோம். கோபம் வருவது வேறு இடத்தில். இத்தனை பக்கம் கையைப் பிடித்துக் கூட்டி வந்த ஆசிரியர், கடைசித் திருப்பத்தில் கையை உதறிவிட்டார் என்று தோன்றும்போது வரும் கோபம் அது. அப்படி ஒரு கோபத்தை விடாமல் கிளப்பி வரும் நாவல் ஜான் டிக்சன் கார் 1937-இல் வெளியிட்ட ‘தி பர்னிங் கோர்ட்’. வெளிவந்து எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், அதன் கடைசிச் சில பக்கங்களைப் பற்றி வாசகர்கள் ஒத்துப் போகவில்லை. அந்தச் சண்டையில் எல்லாத் தரப்புமே முக்கியமான ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டதாக எனக்குப் படுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முடிவை முழுவதும் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. நாவலைப் படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் படித்துவிட்டு இங்கே திரும்பி வாருங்கள்.

கதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடக்கிறது. எட்வர்ட் ஸ்டீவன்ஸ் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்ப்பவர். ரயிலில் வீடு திரும்பும் வழியில், காடன் கிராஸ் என்ற எழுத்தாளரின் கையெழுத்துப் பிரதியைப் பிரிக்கிறார். பழைய கொலை வழக்குகளைப் பற்றிய புத்தகம் அது. நஞ்சு வைத்துக் கொன்றதற்காக 1861-இல் தலை வெட்டப்பட்ட ஒரு பெண்ணின் புகைப்படம் அதில் இருக்கிறது. முகம் அவருடைய மனைவி மேரியின் முகம். பெயரும் மேரியின் பிறந்த வீட்டுப் பெயர். அதே நேரத்தில் பக்கத்து வீட்டு மார்க் டெஸ்பார்ட், தன் குடும்பப் பெரியவர் மைல்ஸ் டெஸ்பார்டின் சாவு இயற்கையானதல்ல, ஆர்சனிக் வைத்துக் கொன்றிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறார். பெரியவர் இறந்த இரவில், பழங்கால உடை உடுத்திய ஒரு பெண் அவர் அறையில் நின்றதையும், அங்கே இல்லாத ஒரு கதவு வழியாக வெளியேறியதையும் வீட்டு வேலைக்காரப் பெண்மணி பார்த்திருக்கிறாள். அந்த இடத்தில் எப்போதோ ஒரு கதவு இருந்தது. அதைச் செங்கல் வைத்து அடைத்துப் பல காலம் ஆகிவிட்டது. நிலத்துக்கடியில் இருக்கும் குடும்பக் கல்லறையைத் திறந்து பார்க்கிறார்கள். சவப்பெட்டி காலி.

ஏறக்குறைய முழு நாவலும் இந்த மூன்று முடிச்சுகளைச் சுற்றியே நகர்கிறது. முடிவுக்குப் பக்கத்தில் எழுத்தாளர் காடன் கிராஸே நேரில் வந்து சேருகிறார். முகம் ஒத்துப்போனதற்கு ஒரு காரணம், சுவருக்குள் போன பெண்ணுக்கு ஒரு காரணம், மறைந்த பிணத்துக்கு ஒரு காரணம் என்று வரிசையாக அவிழ்க்கிறார். பேயும் இல்லை, சூனியமும் இல்லை. குற்றத்தின் வேர் மார்க் டெஸ்பார்டிலும் பெரியவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸிலும் இருக்கிறது என்கிறார். சொல்லி முடித்த கையோடு கோப்பையை எடுத்துக் குடிக்கிறார், சயனைடு கலந்த பானத்தால் செத்து விழுகிறார். அந்தக் கொலையும் நர்ஸின் தலையில் விழுகிறது. வழக்கமான துப்பறியும் நாவல் இங்கே முடிந்திருக்கும். கார் முடிக்கவில்லை. சில பக்கங்களே கொண்ட பின்னுரை ஒன்றைச் சேர்த்தார். அதில் மேரி தனியாக இருக்கிறாள், தனக்குள் நினைத்துப் பார்க்கிறாள். அந்த நினைவுகளை நம்பினால், அவள் சாவே இல்லாமல் நூற்றாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் பழைய நஞ்சுக்காரி. கிராஸும் அவளைப் போன்றவனே. அவனைக் கொன்றவள் அவள்தான்.

இதற்கு வாசகர்கள் காட்டிய எதிர்வினையை மூன்று கட்சிகளாகப் பிரிக்கலாம். முதல் கட்சிக்கு இது மோசடி: துப்பறியும் கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பேய்க்கதையைப் பரிமாறினார் என்பது அவர்கள் புகார். இரண்டாம் கட்சிக்கு இது உச்சம்: எல்லாம் விளங்கிவிட்டது என்று நிம்மதியாகச் சாய்ந்த நேரத்தில் நாற்காலியை இழுத்துவிட்ட துணிச்சலைக் கொண்டாடுகிறார்கள். மூன்றாம் கட்சி சமாதானம் பேசும்: அந்தப் பின்னுரையை அலங்காரமாக எடுத்துக்கொள்ளுங்கள், கிராஸ் சொன்ன விடையே விடை. மூவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். சண்டை பேயைப் பற்றியது, பேய் இந்த வகைக் கதைக்குள் வரலாமா கூடாதா என்பதுதான் கேள்வி என்று மூவருமே நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பறியும் கதைக்குள் பேய் வருவது குற்றமே அல்ல. சாட்சியில்லாமல் வந்தால்தான் குற்றம். ‘தி பர்னிங் கோர்ட்’டின் பேய் சாட்சிகளோடு வருகிறது. அதனால்தான் அந்த முடிவு நம்மைப் பகுத்தறிவிலிருந்து விலக்காமல், பகுத்தறிவின் பக்கம் இன்னும் கடுமையாகத் தள்ளுகிறது.

முதலில் கோபக்காரர்களின் தரப்பை அதற்குரிய மரியாதையோடு பார்க்க வேண்டும். அவர்கள் கோபத்துக்குப் பின்னால் எழுதப்பட்ட சட்டமே இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் வான் டைன் 1928-இல் வகுத்த இருபது விதிகளில் ஒன்று, குற்றம் இயற்கையான வழிகளிலேயே தீர்க்கப்பட வேண்டும், ஆவிகளை அழைத்தும் மனதைப் படித்தும் உண்மையைக் கண்டுபிடிக்கக் கூடாது என்கிறது. இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் எழுதிய பத்துக் கட்டளைகளில் இரண்டாவது, அமானுஷ்யச் சக்திகளை அடியோடு விலக்குகிறது. 1930-இல் லண்டனில் உருவான டிடெக்‌ஷன் கிளப், தன் உறுப்பினர்களிடம் சத்தியமே வாங்கியது: உங்கள் துப்பறிவாளர்கள் தெய்வ வாக்கையோ மாய மந்திரத்தையோ நம்பிக் குற்றத்தைத் தீர்க்கக் கூடாது. இந்த விதிகள் வெறும் பிடிவாதத்தால் பிறந்தவை அல்ல. முதல் உலகப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த லட்சக்கணக்கான குடும்பங்கள் ஆவியுலகப் பேச்சில் ஆறுதல் தேடிய காலம் அது. அந்தச் சூழலில் கதையை முடிக்கத் தெரியாதவருக்கு ஆவி கைக்கெட்டும் குறுக்கு வழி. விதி அடைத்தது அந்த வழியை.

ஆனால் விதிகளை எழுதியவர்கள் யார் என்று பாருங்கள். நாக்ஸ் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். டிடெக்‌ஷன் கிளப்பின் முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்ட்டன் ஆழ்ந்த சமய நம்பிக்கை உள்ளவர். அவர் படைத்த துப்பறிவாளர் ஃபாதர் பிரௌனும் பாதிரியார்தான். மற்றவர்கள் எல்லாம் சாபம், சூனியம் என்று நடுங்கும் இடத்தில், கொஞ்சமும் நம்பாமல் மனிதக் கையைத் தேடுபவர் அவரே. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலை எடுத்துக்கொள்வோம். 1916-இல் ஆவியுலக நம்பிக்கையைப் பகிரங்கமாக அறிவித்தவர், 1930-இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய் அதைப் பிரசாரம் செய்தவர். அவர் 1924-இல் எழுதிய ‘சசெக்ஸ் வாம்பயர்’ கதையில் ஹோம்ஸ் தன் தொழிலில் பேய்களுக்கு இடமில்லை என்று திட்டவட்டமாக மறுத்துவிடுகிறார். ஆக, பேய் உண்டா இல்லையா என்ற தத்துவக் கேள்விக்கும் இந்த விதிக்கும் தொடர்பில்லை. இது விசாரணை முறை பற்றிய விதி. ஒரு நீதிபதி கோயிலுக்குப் போகலாம். தீர்ப்பைச் சாமியாடியிடம் கேட்டு எழுதக் கூடாது.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் காரின் நாவல் எங்கே மீறுகிறது? அவர் டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்தது 1936-இல். சத்தியத்தின் ஈரம் காயும் முன் இந்த நாவல் வந்துவிட்டது. ஆனால் சத்தியத்தின் வாசகத்தை அவர் எங்கும் மீறவில்லை. கதையில் குற்றத்தைத் தீர்க்கும் யாரும் ஆவியை நம்பித் தீர்ப்பதில்லை. காவல்துறை தடயம் பார்க்கிறது, கிராஸ் தர்க்கம் பேசுகிறார், நீதிமன்றம் அந்தத் தர்க்கத்தின்படி தீர்ப்பளிக்கிறது. பேய் சம்பந்தப்பட்ட உண்மை, அது உண்மையானால், கதைக்குள் இருக்கும் எந்த விசாரணையாளருக்கும் எட்டுவதே இல்லை. வாசகருக்கு மட்டும் எட்டுகிறது. இந்த வேறுபாட்டைக் கோபக்காரர்கள் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். துப்பறிவாளர் பேயைத் துணைக்கழைத்தால் வாசகருக்கு வேலையில்லாமல் போகிறது. துப்பறிவாளர் முடித்துவிட்டுப் போன பிறகு பேய் வந்தால், வாசகருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது.

என்ன வேலை? திரும்பப் படிக்கிற வேலை. பின்னுரையை முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போனால், நம் கண்ணெதிரே கிடந்த தடயங்கள் புதிதாகத் தெரிகின்றன. பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் மேரி மாட்லன் தோப்ரே என்ற பிரபுகுலப் பெண், தந்தையையும் உடன்பிறந்த சகோதரர்கள் இருவரையும் நஞ்சிட்டுக் கொன்றதற்காக 1676-இல் தலை வெட்டப்பட்டாள். பிரான்வில்லியே சீமாட்டி என்று வரலாறு அழைப்பது அவளைத்தான். மேரி ஸ்டீவன்ஸின் பிறந்த வீட்டுப் பெயரும் தோப்ரேதான். அவளுடைய காதலன் பெயர் கோதன் த சேன்ட் க்ருவா. க்ருவா என்றால் பிரெஞ்சில் சிலுவை, ஆங்கிலத்தில் கிராஸ். காடன் கிராஸ் என்ற பெயர் முதல் அத்தியாயத்திலேயே அட்டைப் பெயராக வந்து நிற்கிறது. மேரி ஸ்டீவன்ஸுக்கு எண்ணெய் ஊற்றும் புனலைக் கண்டால் காரணம் தெரியாத அச்சம். பிரான்வில்லியே சீமாட்டியை வாக்குமூலத்துக்காக வதைத்தபோது, வாய்வழியாகக் குடம் குடமாகத் தண்ணீர் புகட்டினார்கள். கானன் டாயில் இதே வரலாற்றை வைத்து ‘தோல் புனல்’ என்று பொருள்படும் தலைப்பில் அமானுஷ்யச் சிறுகதை எழுதியிருக்கிறார். அதில் ஹோம்ஸுக்கு இடம் கொடுக்கவில்லை. கார் செய்தது அந்தப் புனலையே துப்பறியும் கதைக்குள் தடயமாக வைத்தது. ஒளித்து வைத்த சீட்டு எதுவும் இல்லை. எல்லாம் மேசைமேல் இருந்தது, நாம்தான் அதைப் பயமுறுத்தும் அலங்காரம் என்று ஒதுக்கினோம்.

நாவலின் தலைப்பே இன்னொரு தடயம். பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1679 முதல் 1682 வரை, நஞ்சு வழக்குகளை விசாரிக்க ஒரு தனி நீதிமன்றம் இயங்கியது. அதற்கு எரியும் அறை என்று பெயர். நஞ்சு விற்றவர்கள், குறி சொன்னவர்கள், வசியம் செய்தவர்கள் எல்லாரையும் ஒரே கூண்டில் நிறுத்திய நீதிமன்றம். அன்றைய மனிதர்களுக்கு நஞ்சும் சூனியமும் வேறு வேறு குற்றங்கள் இல்லை; லத்தீன் மொழியில் இரண்டையும் சேர்த்துக் குறிக்கும் ஒரு சொல்லே இருந்தது. நமக்கு இது அந்நியமும் அல்ல. நம் ஊர்களில் ‘மருந்து வைத்துவிட்டாள்’ என்று சொன்னால், அது சோற்றில் கலந்த நஞ்சா, வசியத்துக்குச் செய்த இடுமருந்தா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆர்சனிக்கை உடலில் நம்பகமாகக் கண்டறியும் மார்ஷ் சோதனை வந்தது 1836-இல்தான். அதற்கு முன் ஒருவர் வாந்தியெடுத்துச் செத்தால், காரணம் வயிற்று நோயா, பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணா, கிண்ணமா என்று உறுதியாக நிரூபிப்பது மிகக் கடினம். எரியும் அறையின் தீர்ப்பால் கொல்லப்பட்டவர்கள் 36 பேர். அந்தப் புயல் ஓய்ந்ததும் 1682-இல் மன்னன் பிறப்பித்த ஆணை, மந்திரவாதத்தை மக்களை ஏமாற்றும் பாசாங்காகக் கருதியது, நஞ்சு விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. சூனியம் போய்த் தடயம் வந்த அந்த வரலாற்றுத் திருப்பத்தின் மேல்தான் கார் தன் கதையைக் கட்டினார்.

இங்கே ஒரு பலமான மறுப்பு எழும். பேய்க்கு இடம் கொடுத்துவிட்டால் எதுவும் நடக்கலாம், எதுவும் நடக்கலாம் என்றால் எதையும் அனுமானிக்க முடியாது, பிறகு எதற்குத் துப்பறிவாளர்? இதற்குப் பதில் பேயை விலக்குவதில் இல்லை, பேய்க்கு எல்லை வகுப்பதில் இருக்கிறது. ராண்டல் காரெட் எழுதிய லார்ட் டார்சி கதைகளில் மந்திரம் அன்றாட உண்மை. ஆனால் அதற்கு இயற்பியலைப் போலவே விதிகள் உண்டு. 1966-இல் வந்த ‘டூ மெனி மெஜிஷியன்ஸ்’ நாவலில் மந்திரவாதிகளின் மாநாட்டிலேயே பூட்டிய அறைக்குள் கொலை நடக்கிறது, விடை விதிகளின் வேலிக்குள்ளேயே கிடைக்கிறது. ஜப்பானில் இமாமுரா மசாஹிரோ 2017-இல் தன் முதல் நாவலுக்கு ஆயுகாவா டெட்சுயா விருது பெற்றார். தடயங்களை நேர்மையாக வைத்து எழுதப்படும் புதிர்க் கதைகளுக்கு மதிப்புள்ள விருது அது. அவர் நாவலில் ஒரு விடுதியைச் சுற்றிவளைத்திருப்பவை நடைப்பிணங்கள். அவற்றால் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பது வாசகருக்குத் தெரியும். அந்த அறிவைக் கொண்டே உள்ளே நடக்கும் கொலைகளை அவிழ்க்க முடிகிறது. புதிருக்கு மிகவும் கண்டிப்பான வாசகர்கள் அந்த நாவலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அனுமானத்துக்கு வேண்டியது விதி. அந்த விதி இயற்கையின் விதியாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த அளவுகோலில் காரின் நாவல் முழு மதிப்பெண் வாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேரியைப் போன்றவர்கள் நஞ்சால் கொல்பவர்கள், ஒருவரையொருவர் தேடி வருபவர்கள், பழைய பெயரையும் முகத்தையும் சுமந்து திரும்புபவர்கள் என்பதெல்லாம் கதைக்குள் படிப்படியாகச் சொல்லப்படுகிறது. ஆனால் செங்கல் சுவருக்குள் ஒருத்தி எப்படிப் போனாள் என்பதற்குப் பேயின் தரப்பில் விதி எதுவும் கிடையாது. சூனியக்காரி, போனாள், அவ்வளவுதான். கிராஸ் சொல்லும் விளக்கத்தில் அந்த இடத்துக்கு உழைப்பு இருக்கிறது, பின்னுரையில் இல்லை. கோபக்காரர்களின் புகாரில் நியாயம் உள்ள பகுதி இதுவே. ஆனாலும் இந்தக் குறை பின்னுரையை வெறும் ஏமாற்றாக ஆக்கிவிடுவதில்லை. பின்னுரை கிராஸின் விடையை அழிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு விடைகளும் ஒரே தடயங்களின்மேல் நிற்கின்றன. பிரான்சில் வாழ்ந்த இலக்கியக் கோட்பாட்டாளர் ஸ்வெதான் தொதோரோவ், 1970-இல் மாய இலக்கியம் குறித்து எழுதிய நூலில் இந்த நாவலை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணமும் இதுதான். இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று முடிவு செய்ய முடியாத தயக்கத்தையே அவர் அந்த இலக்கிய வகையின் உயிராகக் கண்டார். துப்பறியும் நாவல் வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைக்கும். கார் கடைசிப் பக்கத்தில் அதை உயிர்ப்பித்தார்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அதை இலக்கியப் பேச்சால் தட்டிக் கழிக்கக் கூடாது. சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களை அடிப்பதும் கொல்வதும் இன்னும் நிற்காத நாடு இது. நோய் வந்தால் மருத்துவமனைக்குப் போவதற்கு முன் பேயோட்டப் போகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இங்கே துப்பறியும் கதை பகுத்தறிவின் பள்ளிக்கூடமாக இருக்க வேண்டாமா, பேய்க்குக் கதவு திறந்துவிடலாமா என்ற கேள்வியில் அக்கறை இருக்கிறது. இந்தத் தரப்புக்கு ஆதரவாக ஒரு அருமையான சான்றையும் நானே தருகிறேன். அகதா கிறிஸ்டி 1961-இல் வெளியிட்ட ‘தி பேல் ஹார்ஸ்’ நாவலில், மூன்று பெண்கள் மந்திரத்தால் ஆட்களைக் கொல்வதாக ஊரே நம்புகிறது. உண்மையில் கொன்றது தாலியம் என்ற நஞ்சு. முடி கொட்டுவது உட்பட அதன் அறிகுறிகளைக் கிறிஸ்டி துல்லியமாக எழுதியிருந்தார். 1977-இல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு குழந்தையின் நோயை மருத்துவர்களால் கண்டுபிடிக்க முடியாதபோது, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ் இது தாலியமாக இருக்கலாம் என்று சொன்னார். சோதித்தார்கள், அதுவேதான். குழந்தை பிழைத்தது. ஒரு துப்பறியும் நாவலுக்கு வாசகர் காட்டிய எதிர்வினைகளில் இதைவிட உயர்ந்த ஒன்றை நான் அறியேன். சூனியத்தை விலக்கி நஞ்சைக் காட்டியதால் அல்லவா இது முடிந்தது?

ஆமாம், அதனால்தான். இப்போது அதே கண்ணோடு ‘தி பர்னிங் கோர்ட்’டைப் பாருங்கள். கிறிஸ்டியைப் படித்த நர்ஸ் சந்தேகம் சொன்னதோடு விஷயம் நிற்கவில்லை. சோதனை நடந்தது, உடலில் தாலியம் கிடைத்தது. காரின் நாவலில் கிராஸ் தரும் விளக்கத்துக்கு அப்படி ஒரு உறுதியான சோதனை எங்கே நடந்தது? கதையின் கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்த ஒருவர், ஒரு அறையில் அமர்ந்து, தெளிவான குரலில், ஒன்றோடொன்று பொருந்தும் ஒரு கதையைச் சொல்கிறார். சொன்னவர் உடனே செத்துவிடுகிறார். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய இனி யாராலும் முடியாது. அந்தக் கதையின் பலத்தில் ஒரு பெண் குற்றவாளியாகிறாள். நாமும் ஒப்புக்கொண்டோம். ஏன் ஒப்புக்கொண்டோம்? பேய் இல்லாத விளக்கம் என்பதால். அறிவியல் போலத் தோன்றியதால். கடைசி அத்தியாயத்தில் அறையைக் கூட்டிப் பேசுகிறவர் சொல்வது உண்மை என்று எத்தனையோ நாவல்கள் நம்மைப் பழக்கியிருப்பதால். பின்னுரை வந்து கேட்பது இந்தப் பழக்கத்தைத்தான். இதே தடயங்களை வைத்து இதோ இன்னொரு கதை. முந்தைய கதையை நீ எதை வைத்து உண்மை என்றாய்? பேயை நம்பு என்று பின்னுரை சொல்லவில்லை. பொருந்துகிற விளக்கம் வேறு, நிரூபிக்கப்பட்ட உண்மை வேறு என்று சொல்கிறது. மூடநம்பிக்கையை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட வேண்டிய பாடம் என்ன இருக்கிறது? ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று கட்டிவைத்து அடிக்கும் கூட்டமும், பொருந்துகிற ஒரு கதையை நிரூபணம் என்று எடுத்துக்கொண்ட கூட்டம்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தயக்கம் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ வழியாக நன்றாகத் தெரியும். குமுதத்தில் தொடராக வந்த அந்த நாவலில், ஒரு சொத்து விவகாரத்துக்காகப் போகும் கணேஷும் வசந்தும் விளக்க முடியாத தோற்றங்களை நேரில் பார்க்கிறார்கள். கணேஷ் அறிவியலின் பக்கம், வசந்த் பிசாசின் பக்கம். ஹாலோகிராம் என்று கணேஷ் விளக்கம் சொன்ன பிறகும் கதை ஐயத்தின் ஒரு நூலை அறுக்காமல் விட்டுவைக்கிறது. கார் ஒரே வாசகரை அத்தியாயத்துக்கும் பின்னுரைக்கும் நடுவில் நிறுத்தினார். சுஜாதா அந்த இரண்டு மனங்களையும் ஆரம்பத்திலேயே இரண்டு ஆட்களாகப் பிரித்து, வாரா வாரம் நமக்காகச் சண்டை போட வைத்தார். அதனால் அங்கே முடிவு திடீர்த் திருப்பமாக வருவதில்லை, ஆரம்பத்திலிருந்து நடந்த வழக்கு தீர்ப்பில்லாமல் ஒத்திவைக்கப்படுவதாக வருகிறது. என்றாலும் ஏமாற்றம் அடைந்தவர்கள் உண்டு. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர், அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொன்னவர், பிசாசுக்கு ஏன் ஐயத்தின் பலனைக் கொடுத்தார் என்பது அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நாவலே பதில் வைத்திருப்பதாக நினைக்கிறேன். டென்னிஸ் கபோர் ஹாலோகிராஃபிக்காக நோபல் பரிசு பெற்றது 1971-இல். அந்தத் தொடரைப் படித்த வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் ஹாலோகிராமைக் கண்ணால் பார்த்ததில்லை. லேசர் ஒளியால் திறந்த வெளியில் ஒரு பெண்ணை நடக்கவிட முடியும் என்பதை அவர்கள் எதை வைத்து ஏற்றார்கள்? கணேஷ் சொன்னதை வைத்து. சோதித்துப் பார்க்காமல், சொன்னவர் மேலுள்ள மரியாதையால் ஏற்பதை வேறொரு விஷயத்தில் நாம் நம்பிக்கை என்றே அழைப்போம். பிசாசை ஏற்ற வசந்தும், படிக்காத தொழில்நுட்பத்தை ஏற்ற வாசகரும் நிற்கும் இடங்களுக்கு நடுவே நாம் நினைக்கிற தூரம் இல்லை. சுஜாதா விட்டுவைத்த அந்த ஐயம் அறிவியலுக்கு எதிரானதல்ல. அறிவியல் என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து உள்ளே நுழையாதே என்று ஒரு பொறியாளர் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இதனால் பேய் வரும் எல்லாத் துப்பறியும் கதையும் நல்ல கதை என்று சொன்னதாகாது. வாசகர் கோபம் முற்றிலும் நியாயமாகிற இடங்கள் உண்டு. கதை முழுக்க மனிதக் குற்றமாகவே நடந்து, முடிச்சை அவிழ்க்க முடியாத கட்டத்தில் மட்டும் ஆவி வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போனால், அது கதாசிரியரின் இயலாமை. முதலில் சொன்ன விதியைக் கடைசியில் பேயே மீறினால், அது ஒப்பந்த மீறல். அட்டை ஒன்றைச் சொல்லி உள்ளே வேறொன்று இருந்தாலும் அப்படித்தான். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘மர்மதேசம்’ தொடர்களில் தெய்வமும் சித்தர் மரபும் வருவதைப் பார்த்து யாரும் ஏமாந்ததாகச் சொல்வதில்லை, ஏனென்றால் அந்த வாசல் முதலிலேயே திறந்திருக்கிறது. ஆகவே ஒரு நாவலை எடைபோட மூன்று கேள்விகள் போதும். அமானுஷ்யத்தின் தடயம் தொடக்கத்திலிருந்தே நம் கண்முன் இருந்ததா? அதற்கு ஏதாவது எல்லை உண்டா? அது வந்த பிறகு நாம் அதிகமாக யோசிக்கிறோமா, யோசிப்பதை நிறுத்துகிறோமா? மூன்றாவது கேள்விதான் முக்கியம் என்பேன். ‘தி பர்னிங் கோர்ட்’ இரண்டாவதில் தடுமாறினாலும் முதலாவதிலும் மூன்றாவதிலும் நிமிர்ந்து நிற்கிறது.

கடைசியாகக் காரின் நாவலில் வரும் நர்ஸிடம் திரும்புகிறேன். பின்னுரை பொய் என்றால் அவள் கொலைகாரி. பின்னுரை உண்மை என்றால், செய்யாத கொலைக்குத் தண்டனை அனுபவிப்பவள்; கிராஸின் கொலையும் வீணாக அவள்மேல் விழுந்த பழி. நாவலைப் பற்றிய வாதங்களில் எல்லாரும் மேரியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவள் சூனியக்காரியா, மனம் பிறழ்ந்தவளா என்று பேசுகிறார்கள், கார் ஏமாற்றினாரா என்று பேசுகிறார்கள். நர்ஸின் பெயர் அந்தப் பேச்சில் அரிதாகத்தான் வரும். அவள் பெயர் மைரா கார்பெட். அவளுக்கு எதிரான குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதா இல்லையா என்பதுதான் ஒரு துப்பறியும் நாவலின் வாசகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பேய் உண்டென்று சொல்பவரும் இல்லையென்று சொல்பவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அடுத்த முறை இந்த நாவலை எடுத்தால், பேயைத் தேடிப் படிக்க வேண்டாம். கிராஸ் பேசத் தொடங்கும் இடத்தில் பென்சிலோடு உட்காருங்கள். அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், இதற்குச் சாட்சி என்ன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மைரா கார்பெட்டுக்கு அந்த நாவலில் யாரும் செய்யாத உதவி அது.